ஐந்தாவது டப்பாவில் ஒரு கப்பல்

சித்தப்பா காலமான பிறகு, அவர் சேர்த்து வைத்திருந்த சினிமாச் சாமான்களில் ஐந்து தகர டப்பாக்கள் என் பங்குக்கு வந்தன. நான்கில் செய்திப்படத் துண்டுகள். ஐந்தாவதைத் திறந்து பிலிமின் முனையை வெளிச்சத்தில் பிடித்தபோது, ஒரு பக்கம் சாய்ந்த கப்பல் தெரிந்தது.

உடனே புரொஜெக்டரில் மாட்டிப் பார்க்கக் கை பரபரத்தது. நல்லவேளை, அதற்கு முன் பிலிம் லேபில் பல வருஷம் வேலை பார்த்த நண்பருக்குப் போன் செய்தேன். "ஓரத்துல 'சேஃப்டி'னு எழுத்து இருக்கா பாரு" என்றார். சுலபத்தில் தீப்பிடிக்காத பிலிமில்தான் அந்த எழுத்து இருக்கும். என்னுடையதில் இல்லை. "அப்போ அது நைட்ரேட்னே வெச்சுக்கோ. ஓட்டவே கூடாது. வீட்டுக்குள்ளயும் வைக்காத."

1950களின் தொடக்கம்வரை சினிமா பிலிம் பெரும்பாலும் செல்லுலோஸ் நைட்ரேட்தான். தீப்பிடித்தால் எரியத் தேவையான ஆக்சிஜனைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். தண்ணீரில் முக்கினாலும் அணையாது. மட்கிப்போன நைட்ரேட் சுமார் 41 டிகிரி வெப்பத்திலேயே பற்றிக்கொள்ளக்கூடும். டப்பாவில் பழுப்புத் தூள் கிடந்தால் அது முற்றிய நிலை, தொடவே கூடாது. என்னுடையதில் தூள் இல்லை. ரீலின் வெளிச்சுற்று மட்டும் தேன் நிறத்தில் பிசுபிசுத்தது. உள்ளே சுருள் நன்றாகவே இருந்தது.

காற்றோட்டமான இடத்தில், கையுறை போட்டுக்கொண்டு, கையால் சுற்றும் தாங்கியில் வைத்து, ஒரு நாளைக்குச் சில அடிகள் என்று பார்க்க ஆரம்பித்தேன். அந்த மூன்று வாரங்களை மறக்க முடியாது.

ஓரத்தில் ஒலிப்பட்டை இல்லை, படம் முழு அகலத்துக்கும் இருந்தது. மௌனப் படம் என்பது உறுதி. துளைகளுக்கு அருகே கோடாக் பெயரும் இரண்டு சின்னச் சதுரங்களும். அந்தக் குறிகள் பிலிம் தயாரான ஆண்டைச் சொல்பவை, இருபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்ப வரும். இரண்டு சதுரம் என்றால் 1920, இல்லையென்றால் 1940. மௌனப் படமாக இருப்பதால் 1920 என்று வைத்துக்கொண்டேன். பிரதி எடுத்த ஆண்டு அதற்கு முந்தையதாக இருக்க முடியாது, அவ்வளவுதான். படம் அதற்கும் முன்னால் எடுத்ததாக இருக்கலாம்.

காட்சிகளுக்கு நடுவே வசனத்தையும் கதையையும் சொல்லும் எழுத்துச் சட்டங்கள் டச்சு மொழியில் இருந்தன. இது எனக்குப் பெரிய தலைவலி. அந்தக் காலத்தில் வெளிநாட்டுக்குப் போகும் பிரதிகளில் எழுத்தை மாற்றிவிடுவார்கள், சில சமயம் படத்தின் பெயரையும் பாத்திரங்களின் பெயர்களையும் சேர்த்தே. முதல் சில அடிகள் கிழிந்து போயிருந்ததால் தலைப்பும் கிடையாது.

கேட்டவர்கள் எல்லோரும் "டைட்டானிக்கா?" என்றார்கள். எனக்கும் ஆசை இருந்தது. 1912-இல் ஜெர்மனியில் எடுத்த 'இன் நாஹ்ட் உண்ட் ஐஸ்' என்ற டைட்டானிக் படம் தொலைந்ததாகவே பலரும் நம்பியிருக்க, 1998-இல் பெர்லினில் ஒரு சேகரிப்பாளரிடம் கிடைத்தது. அதே கப்பலில் பயணம் செய்து உயிர்பிழைத்த நடிகை டோரதி கிப்சன், விபத்து நடந்த ஒரு மாதத்துக்குள் வெளிவந்த படத்தில் தன் கதையைத் தானே நடித்தார். அந்தப் படம் இன்றுவரை கிடைக்கவில்லை. ஆனால் என் ரீலில் இருந்த கப்பலுக்குப் பாய்மரம் இருந்தது. அந்த ஆசையை அங்கேயே விட்டேன்.

பதினோராவது நாள். ஒரு மாலுமி கைப்பிடிச் சுவரில் மாட்டியிருக்கும் உயிர்காப்பு வளையத்தை இழுக்கிறான். பூதக்கண்ணாடியில் வளையத்தின் மேல் ஏதோ எழுத்து, என்ன மொழி என்றே புரியவில்லை. கொஞ்ச நேரம் திகைத்துவிட்டு, பிலிமின் மறுபக்கத்திலிருந்து பார்த்தேன். எழுத்து நேரானது. கப்பலின் பெயர்! சட்டங்களின் மொழியை மாற்றியவர்களால் காட்சிக்குள் இருந்த வளையத்தை மாற்ற முடியவில்லை.

அப்புறம் தேடல். அக்கால அமெரிக்கச் சினிமா வணிக இதழான 'மூவிங் பிக்சர் வேர்ல்ட்' உட்பட பல இதழ்கள் 'மீடியா ஹிஸ்டரி டிஜிட்டல் லைப்ரரி'யில் இலவசமாகக் கிடைக்கின்றன. கப்பலின் பெயரைப் போட்டுத் தேடினேன். ஒரு கதைச் சுருக்கத்தில் அந்தப் பெயர், கேப்டனின் மகள், பாய்மரத்தில் கட்டிய குழந்தை, எல்லாம் வரிசையாகப் பொருந்தின. எங்குமே பிரதி இல்லை என்று பட்டியலிடப்பட்டிருந்த மூன்று ரீல் படம். என்னிடம் இருப்பது இரண்டாவது ரீல். படக் காப்பகம் சீரமைப்பு முடியும்வரை பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இங்கே எழுதவில்லை.

காப்பகத்துக்கு அனுப்புவதுதான் இருந்ததிலேயே கஷ்டமான கட்டம். நைட்ரேட் ஆபத்தான சரக்கு, தீப்பற்றும் திடப்பொருள் வகை. சாதாரணத் தபாலிலோ கூரியரிலோ போடக்கூடாது. ஒரு கூரியர் அலுவலகத்தில் "பழைய தகர டப்பானு எழுதிக் கொடுங்க, போயிடும்" என்றார்கள். எனக்குக் கோபம் வந்தது. வண்டி ஓட்டுபவர் உயிர் அது. கடைசியில் காப்பகமே உரிமம் உள்ள வண்டியை ஏற்பாடு செய்தது. இரண்டு மாதம் காத்திருந்தேன். தினமும் டப்பாவை முகர்ந்து பார்ப்பேன், நெடி கூடியிருக்கிறதா என்று.

அங்கே அளந்தபோது பிலிம் 1.4 சதவீதம் சுருங்கியிருந்தது. பல்சக்கரத்தில் மாட்டினால் துளைகள் கிழியும். அதனால் உருளைகள் மட்டுமே உள்ள ஸ்கேனரில் ஏற்றினார்கள். 870 அடி, அடிக்கு 16 பிரேம். வினாடிக்கு 18 என்ற வேகத்தில் ஓட்டினால் பதின்மூன்று நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவு.

அமெரிக்காவின் முழுநீள மௌனப் படங்கள் சுமார் 11,000-இல் 14 சதவீதமே மூல வடிவில் முழுமையாக எஞ்சியிருப்பதாக லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் 2013-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அந்த எண்ணைப் படித்த நாளிலிருந்து ஒற்றை ரீல்கூட எனக்குப் பெரிதாகவே தெரிகிறது.

என்னையும் கூப்பிட்டுத் திரையில் காட்டினார்கள். இரவுக் காட்சிகளுக்கு நீலச் சாயம். கப்பல், தொட்டியில் மிதக்கவிட்ட சின்ன மாதிரி உருவம்தான். தெறிக்கும் துளிகள் பாய்மரத்தின் பாதி உயரத்துக்கு இருக்கின்றன, தண்ணீரை மட்டும் சிறிதாக்க முடியாதே. ஆனால் மேல்தளக் காட்சியில் ஒரு பெண் நனைந்த போர்வையைப் பிழிந்து குழந்தைக்குச் சுற்றுகிறாள், விரல் நடுங்குவது தெரிகிறது. படகு கீழே இறங்குகிறது. அவள் குழந்தையை நீட்டுகிறாள். படகில் இருப்பவன் கையை உயர்த்துகிறான். அந்த இடத்தில் ரீல் முடிந்துவிட்டது.

மூன்றாவது ரீலைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.