ஊற்றுத் தண்ணீரும் வாடைக்காற்றும்: ஒரு சாகச விளையாட்டு செய்து பார்த்த அனுபவம்

தனுஷ்கோடி மணலைக் கதைக்களமாகக் கொண்டு, திரையில் தொட்டோ கிளிக் செய்தோ ஆடும் ஒரு சிறிய ‘பாயிண்ட் அண்ட் கிளிக்’ சாகச விளையாட்டை ஓய்வு நேரங்களில் செய்துவருகிறேன். இதில் துப்பாக்கியும் இல்லை, ஓட்டப்பந்தயமும் இல்லை. திரையில் ஓர் இடம், அந்த இடத்தில் சில பொருள்கள், பேச இரண்டு மூன்று மனிதர்கள், இவ்வளவுதான். எதை எதோடு சேர்ப்பது, யாரிடம் எதைக் கேட்பது என்று யோசித்து யோசித்துத்தான் கதையை நகர்த்தவேண்டும். கடல்பாசி எடுக்கும் பெண் ஒருத்தியின் மகள், கரை திரும்பாமல் எங்கோ ஒதுங்கிவிட்ட தாத்தாவின் வத்தையை, அதாவது சிறு படகை, தேடிப் போகிறாள் என்பதே கதை. முதல் பாகம் தொடக்கத்திலிருந்து முடிவுவரை விளையாடும் நிலைக்கு வந்துவிட்டதால், இதுவரை நடந்ததை எழுதிவைக்கிறேன்.

இந்த வகை விளையாட்டு எப்படித் தளர்ந்தது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இதைச் செய்யத் தொடங்கியிருக்க முடியாது. 1970களின் நடுவில் வில் குரோதர் எழுதி, 1977இல் டான் வுட்ஸ் விரிவாக்கிய குகை விளையாட்டில் படமே கிடையாது. கட்டளையைத் தட்டச்சு செய்தால், கணினி பதிலை எழுத்தில் சொல்லும். 1980இல் ராபர்ட்டா வில்லியம்ஸும் கென் வில்லியம்ஸும் ‘மிஸ்டரி ஹவுஸ்’ மூலம் அதற்குக் கோட்டுப்படம் சேர்த்தார்கள். 1987இல் ‘மேனியாக் மேன்ஷன்’ வந்தபோது தட்டச்சும் போய், திரையின் அடியில் வினைச்சொற்களை வரிசையாக வைத்துக் கிளிக் செய்யும் முறை நிலைத்தது. 1993இல் வந்த ‘மிஸ்ட்’ பல ஆண்டுகளுக்குக் கணினி விளையாட்டுகளிலேயே அதிகம் விற்றதாக இருந்தது. 2002இல்தான் ‘தி சிம்ஸ்’ அதைத் தாண்டியது. இவ்வளவு செழிப்பாக இருந்த ஒன்று, அடுத்த பத்தாண்டுகளுக்குள் பெரிய நிறுவனங்கள் கைகழுவும் சரக்காகிவிட்டது. டிம் ஷேஃபரின் ‘கிரிம் ஃபேண்டாங்கோ’ 1998இல் வந்து, விமர்சகர்களின் பாராட்டைப் பெற்றும் எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. 2004இல் லூகாஸ் ஆர்ட்ஸ் நிறுவனம், பாதி வேலை நடந்துகொண்டிருந்த ‘சாம் அண்ட் மேக்ஸ்’ தொடர்ச்சியை நிறுத்தியது.

முப்பரிமாணப் படங்கள் வந்தன, ‘டூம்’ போன்ற சுடும் விளையாட்டுகள் வந்தன, செலவு ஏறியது, ஆகவே வீழ்ந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் பழைய விளையாட்டுகளை இன்று வரிசையாக விளையாடிப் பார்த்தால் வேறொரு காரணமும் கண்ணில் படுகிறது. 1990இல் வந்த ‘கிங்ஸ் குவெஸ்ட்’ ஐந்தாம் பாகத்தில் ஒரு பனிமனிதனை விரட்ட, அவன் முகத்தில் கஸ்டர்ட் பை ஒன்றை எறியவேண்டும். பசிக்கும்போது அதைத் தின்றுவிட்டால் பிறகு கதை முன்னே போகாது. அதை விளையாட்டு உங்களிடம் சொல்லவும் சொல்லாது. 1999இல் வந்த ‘கேப்ரியல் நைட்’ மூன்றாம் பாகத்தில், மீசையே இல்லாத ஒருவரைப் போல வேடம் போடுவதற்காகப் பூனை மயிரால் பொய்மீசை செய்து, அவருடைய பாஸ்போர்ட் படத்திலும் மீசை வரையவேண்டும். இதை யோசித்துக் கண்டுபிடித்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? மற்றவர்கள் விடைக்குறிப்பைப் பார்த்துத்தான் கடந்திருப்பார்கள். புதிரின் நியாயம் விளையாட்டின் உலகத்துக்குள் இல்லாமல், வடிவமைத்தவர் மண்டைக்குள் மட்டும் இருந்தால் இப்படித்தான் ஆகும். ‘மேனியாக் மேன்ஷனை’ உருவாக்கியவர்களில் ஒருவரான ரான் கில்பர்ட் 1989இலேயே இதைக் கண்டித்து ஒரு கட்டுரை எழுதியிருந்தார் என்பது, நோய் தெரியாமல் வந்ததல்ல என்பதற்குச் சான்று.

இந்தக் கரையில் நின்று யோசித்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றே. இங்குள்ள வாழ்க்கையில் ஏற்கெனவே இருக்கும் காரணகாரியத்தைப் புதிராக்கினால் போதும், நானாக எதையும் முடிச்சுப் போடவேண்டியதில்லை.

அதற்கு முன் தமிழ் எழுத்தைத் திரையில் சரியாகக் கொண்டுவரும் வேலை இருந்தது. முதலில் எடுத்த இலவச எஞ்சினில், அதாவது விளையாட்டு செய்வதற்கான மென்பொருளில், கொம்புகள் எழுத்துக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டன. ‘பெட்டி’ என்பது படிக்க முடியாத ஒன்றாக வந்தது. எழுத்துகளை ஒவ்வொன்றாக வரிசையில் அடுக்கும் பழைய முறையில் இந்தச் சிக்கல் தவிர்க்க முடியாதது. 2023 மார்ச்சில் வெளிவந்த கோடோ 4 என்னும் எஞ்சின், எழுத்துகளை உரிய வடிவில் கோத்துக் கொடுக்கும் ஹார்ஃப்பஸ் என்னும் நிரல் நூலகத்தை உள்ளேயே வைத்திருப்பதால், தமிழ் யூனிகோடு எழுத்துருவைக் கொடுத்தவுடன் உயிர்மெய்கள் எல்லாம் தத்தம் இடத்தில் வந்து நின்றன. அடுத்தது அளவு. பழைய விளையாட்டுகளின் 320க்கு 200 புள்ளித் திரையில் ஆங்கில எழுத்துக்கு எட்டுப் புள்ளி உயரம் போதும். அந்த உயரத்தில் ‘ணை’யும் ‘றூ’வும் மைத்தீற்றலாகத்தான் தெரியும். ஆகவே பின்னணிப் படங்களை 640க்கு 360 என்ற அளவில் வரைந்து, உரையாடலை மட்டும் திரையின் முழுத் தெளிவில் மேலே எழுதுகிறேன். 640க்கு 360 சரியாக மூன்று மடங்கானால் 1920க்கு 1080 வரும் என்பதால் படத்தின் புள்ளிகளும் சிதைவதில்லை.

வாக்கியம் கட்டுவதிலும் ஒரு வேலை உண்டு. பழைய எஞ்சின்கள் வினை, பொருள், இன்னொரு பொருள் என்று துண்டுகளை அப்படியே ஒட்டி ஒரு வரியை உருவாக்கும். நமக்கு வேற்றுமை உருபு இருக்கிறது. குடத்தை எடுக்கவேண்டும், குடத்தில் ஊற்றவேண்டும், குடத்தோடு நடக்கவேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் இந்த வடிவங்களை ஒரு பட்டியலில் எழுதிவைத்து, செயலுக்கு ஏற்ற வடிவத்தை எடுக்கும்படி நிரல் எழுதினேன். அலுப்பூட்டும் வேலைதான் என்றாலும், திரையில் வரும் தமிழ் மொழிபெயர்ப்பு வாடை இல்லாமல் வருகிறது.

இனி ஊற்றுப் புதிர். தனுஷ்கோடிப் பக்கம் அலையிலிருந்து சற்றுத் தள்ளி மணலைக் கையால் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின்மேல் மெல்லிய அடுக்காக மிதப்பதே காரணம். ஆழமாகத் தோண்டினாலோ, அவசரமாக இறைத்தாலோ அடியிலுள்ள உப்புநீர் மேலே ஏறிவிடும். ஆட்டத்தில் கதாநாயகியின் குடிசை ஓரமாக ஒரு மண்வெட்டி சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். கூரையில் ஒரு சிரட்டை செருகியிருக்கும். வாசலில் காலிக் குடம் இருக்கும். பழைய சாகச விளையாட்டுகளில் பழகியவர்கள் மண்வெட்டியைத்தான் முதலில் எடுக்கிறார்கள். எடுத்துத் தோண்டினால் குழி சட்டென்று நிறையும், அவள் வாயில் வைத்துவிட்டு, “உப்புக் கரிக்குது” என்று துப்புவாள், சற்று நேரத்தில் மணல் சரிந்து குழி மூடிக்கொள்ளும். வேறிடத்தில் மறுபடி தோண்டலாம். எந்தத் தவறுக்கும் கதை நின்றுபோகக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

கையால் தோண்டினால் நடப்பது வேறு. முழங்கை ஆழத்தில் மணலின் நிறம் கறுக்கும். அடியில் ஒரு மினுக்கம் தெரியும். பிறகு நாலாபுறமும் இருந்து நீர் கசிந்து சேரும். முதலில் ஊறுவது கலங்கலாக இருக்கும், அதைச் சிரட்டையால் மொண்டு வெளியே ஊற்றிவிட்டுக் காத்திருக்கவேண்டும். மறுபடி ஊறுவது தெளிந்திருக்கும். இந்தக் காத்திருப்பை ஆட்டக்காரர் தவிர்க்க முடியாது. திரையில் தட்டத்தட்ட, “அவசரப்பட்டா கலங்கிரும்” என்று அவள் சொல்வாளே தவிர நீர் வேகமாக ஊறாது. குழியின் விளிம்பிலிருந்து ஒரு பிடி மணல் உள்ளே சரிந்து, நீரைத் தொட்டதும் கறுத்துக் கரைவதை வரைவதற்கு, கதாநாயகி நடப்பதை வரைந்ததைவிட அதிக நேரம் செலவானது. விளையாட்டில் எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான்.

இரண்டாவது புதிர் காற்று. தனுஷ்கோடி இருக்கும் ராமேஸ்வரம் தீவுக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண் கடல் என்றும் ஊரில் சொல்வார்கள். ஆனால் பெண் கடல் எல்லா நாளும் அடங்கி இருப்பதில்லை. ஐப்பசிக்குப் பிறகு வாடை கிளம்பினால் வடகரைதான் கொந்தளிக்கும். தென்பக்கம் அடங்கிக் கிடக்கும். தென்காற்றான சோழகம் வீசும் மாதங்களில் இது தலைகீழாகும். தனுஷ்கோடி மீனவர்கள் பருவத்துக்குத் தக்கபடி கரை மாற்றித் தொழில் செய்வது இதனால்தான். ஆட்டத்தில் அந்தப் பெண் இரவல் வத்தையை எந்தக் கரையிலிருந்து தள்ளுவது என்று தீர்மானிக்கவேண்டும். கொடியில் காயும் சேலையும், பனையோலையும், அடுப்புப் புகையும் எந்தப் பக்கம் சாய்கின்றன என்பதே குறிப்பு.

பாம்பனில் விசைப்படகு ஓட்டும் சித்தப்பாவிடம் போனைக் கொடுத்தேன். அவர் வாழ்நாளில் இப்படி ஒரு விளையாட்டை ஆடியவரல்லர். சேலை பறப்பதைப் பார்த்த மாத்திரத்தில், “வாடை அடிக்கையில வடக்க எவன்டா வத்தையத் தள்ளுவான்? தெக்க கொண்டு போகச் சொல்லு” என்று திரையைப் பார்த்துக் கோபப்பட்டார். இந்த வகை விளையாட்டுகளைச் சிறுவயதிலிருந்தே ஆடிவரும், சென்னையில் மென்பொருள் வேலை பார்க்கும் நண்பர், அதே இடத்தில் நின்றுவிட்டார். பையில் இருந்த எல்லாப் பொருள்களையும் வத்தையின்மேல் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார், சிரட்டை உட்பட. முப்பது ஆண்டுப் பழக்கம் அது.

சித்தப்பாவின் வெற்றியில் எனக்குப் பெருமை இருந்தாலும், நண்பர் நின்ற இடத்தை அப்படியே விட்டுவிடுவது நியாயமில்லை. ஊர் அறிவு இருந்தால்தான் தீரும் என்றால், அது பூனை மீசைக்கு ஓரிரு படிதான் மேல். தேவையான அறிவை ஆட்டமே முன்கூட்டிக் கொடுத்திருக்கவேண்டும். ஆகவே வத்தைக்கு முந்தைய காட்சியில், பாசி எடுத்துவிட்டுத் திரும்பும் பெண்கள் விரலில் சுற்றிய துணியை அவிழ்த்துக்கொண்டே பேசும் ஓர் உரையாடலைச் சேர்த்தேன். நேற்றுவரை வடக்கே இறங்கியவர்கள் இன்று ஏன் தெற்கே இறங்கினார்கள் என்பதை அவர்கள் கூலிக் கணக்குப் பேச்சுக்கு நடுவில் சொல்லிவிடுவார்கள். அது குறிப்பு என்று தெரியாமல் கேட்பவர்களுக்கும் காதில் விழுந்திருக்கும். நண்பர் அந்த வடிவத்தை ஆடியபோது, வத்தையின் அருகே வந்து சற்று நின்று, பின்னே போய்க் கொடியைப் பார்த்துவிட்டு வந்து, தென்கரையைத் தேர்ந்தெடுத்தார்.

இந்த வகைக்கு மறுவாழ்வு வந்துவிட்டதா என்று கேட்பவர்களுக்கு, ஒரே வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு இயலவில்லை. 2012இல் டிம் ஷேஃபரின் குழு 4 லட்சம் டாலர் வேண்டும் என்று, பொதுமக்களிடம் பணம் திரட்டும் தளமான கிக்ஸ்டார்ட்டரில் கேட்டு, 33 லட்சத்துக்கு மேல் பெற்றது. அந்தப் பணத்தில் வந்த ‘புரோக்கன் ஏஜ்’ அழகாக இருந்தது. ஆனால் பணம் போட்டவர்களில் பெரும்பாலோர் பழைய ஆட்டக்காரர்கள் என்றே நினைக்கிறேன். அதே ஆண்டு டெல்டேல் நிறுவனத்தின் ‘தி வாக்கிங் டெட்’ புதிர்களைக் குறைத்து, உரையாடல் முடிவுகளைக் கூட்டிப் பெரும் வெற்றி பெற்றது. 2018இல் அந்த நிறுவனமே மூடப்பட்டது. எனக்கு நம்பிக்கை தருபவை இவற்றைவிடச் சிறிய முயற்சிகள். வசனமே இல்லாமல் 2009இல் வந்த ‘மெஷினேரியம்’ எந்த மொழிக்காரருக்கும் புரியும். டேவ் கில்பர்ட்டின் வாட்ஜெட் ஐ நிறுவனம், ‘அட்வெஞ்சர் கேம் ஸ்டுடியோ’ என்னும் இலவசக் கருவியைக் கொண்டு, சிறிய குழுவாகவே ஆண்டுக்கணக்கில் இந்த வகையை உயிரோடு வைத்திருக்கிறது. 2001இல் தொடங்கிய ஸ்கம்விஎம் என்னும் மென்பொருள், பழைய விளையாட்டுகளை இன்றைய போனிலும் ஓடவைக்கிறது. ‘பினீத் எ ஸ்டீல் ஸ்கை’ என்னும் பழைய விளையாட்டை உரிமையாளர்களே 2003இல் இலவசமாக்கிவிட்டதால், காசு செலவழிக்காமல் இந்த வகையை அறிய விரும்பும் யாரும் அதிலிருந்து தொடங்கலாம்.

தொடுதிரை இந்த வகைக்காகவே வந்ததுபோல் இருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். ஒருமுறை தொட்டால் நடக்கவும் எடுக்கவும், அழுத்திப் பிடித்தால் உற்றுப் பார்க்கவும் செய்துவிட்டேன். பழைய வினைச்சொல் பலகை தேவைப்படவில்லை. மவுஸைக் கையால் தொடாத சித்தப்பாவுக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. பொருள்களை வைத்துக்கொள்ளும் பை, திரையின் மூலையில் ஒரு பனையோலைப் பெட்டியாக இருக்கிறது. தட்டினால் மூடி திறக்கும்.

ஒலி வேலை இன்னும் தொடக்க நிலையில்தான் இருக்கிறது. வாடைக்காற்றைப் போனில் பதிவு செய்தால் வெறும் இரைச்சலாக வருகிறது, மைக்கைப் பஞ்சுறையால் மூடிப் பார்க்கவேண்டும். இரண்டாம் பாகத்துக்குப் பாம்பன் பாலக் காட்சியை வரைந்துகொண்டிருக்கிறேன். 1914இல் திறந்த பழைய பாலத்தின் தூக்கு, நடுவில் இரண்டாகப் பிரிந்து இருபுறமும் சாய்ந்து எழும்படி கட்டப்பட்டது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி அப்படியே செங்குத்தாக மேலே போகும். இரண்டும் அடுத்தடுத்து நிற்கும் அந்தக் காட்சியில், பாலம் திறக்கும் நேரத்துக்காக வத்தை காத்திருப்பதைப் புதிராக்க முடியுமா என்று யோசித்திருந்தேன். வரைபடத்தைச் சித்தப்பாவிடம் காட்டியபோது, “வத்தைக்கு எதுக்குடா பாலத்தைத் தூக்கணும்? அது அடியிலேயே போயிரும்” என்றார். காத்திருப்பது வத்தையல்ல, அதை இழுத்துவரும் உயரமான பாய்மரம் கொண்ட வேறொரு படகு என்று கதையை மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.