பள்ளிப் பிள்ளைகளோடு பாளையங்கோட்டைக்குக் குடிவந்தபோது

பெங்களூருவிலிருந்து பாளையங்கோட்டைக்குக் குடிபெயர்வது என்று முடிவானதும், உறவினர்கள் எல்லோரும் முதலில் கேட்டது எந்தப் பகுதியில் வீடு பார்க்கிறீர்கள் என்பதைத்தான். பெருமாள்புரம் நல்லது என்றார் ஒருவர். மகாராஜநகரை விட்டுவிடாதீர்கள் என்றார் இன்னொருவர். நாங்களோ எட்டாம் வகுப்பில் சேரவேண்டிய மகளுக்கும் நான்காம் வகுப்பில் சேரவேண்டிய மகனுக்கும் பள்ளியை முடிவு செய்த பிறகே வீடு தேடத் தொடங்கினோம். படிக்கும் பிள்ளைகளோடு நெல்லைச் சீமைக்கு வருகிறவர்களுக்கு இந்த வரிசையைத்தான் நான் உறுதியாகச் சொல்வேன்.

இங்கே ஊரே ஆற்றால் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. தாமிரபரணிக்குக் கிழக்கே பாளையங்கோட்டையும் மேற்கே திருநெல்வேலி சந்திப்பும் டவுனும் இருக்க, காலையிலும் மாலையிலும் பிள்ளைகளை ஏற்றிச்செல்லும் வண்டிகள் எல்லாம் ஆற்றுப்பாலத்தையும் வண்ணாரப்பேட்டையையும் நெருக்கியடித்துக் கடக்கின்றன. தூரம் குறைவுதான் என்றாலும், அந்த நெரிசலில் தினமும் போய்வரும் பிள்ளை வீடு திரும்பும்போது களைத்துப்போய்விடும். தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பாளையங்கோட்டைக்குப் பெயர் வரக் காரணமான பழைய பள்ளிகள் பலவும் கிழக்குக் கரையிலேயே இருப்பதால், நாங்களும் அந்தக் கரையிலேயே வீடு எடுத்துக்கொண்டோம். வீட்டைப் பார்க்கப் போகும்போது, 2023 டிசம்பர் வெள்ளத்தில் அந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று பக்கத்து வீட்டில் கேட்டுவிடுங்கள். அந்த வெள்ளத்தில் சந்திப்புப் பேருந்து நிலையமும் கொக்கிரகுளமும் மூழ்கியதை இங்குள்ளவர்கள் இன்றும் மறக்கவில்லை.

மாற்றுச் சான்றிதழைப் பற்றிப் பலரும் தேவைக்கு மேல் அஞ்சுகிறார்கள். ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளை அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ சேரும்போது, மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. தாளைவிட இணையப் பதிவுதான் இப்போது அதிகம் இழுத்தடிக்கிறது. பழைய பள்ளி தன் பதிவேட்டிலிருந்து பிள்ளையின் பெயரை விடுவித்துவிட்டதா என்பதை ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது.

எந்த வகுப்பில் ஊர் மாறுகிறோம் என்பதற்கு நான் நினைத்ததைவிட அதிக எடை இருக்கிறது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும், கல்லூரியில் சேரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும், பொதுவாக ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் படித்திருக்க வேண்டும் என்பதை அடிப்படையாகக் கொண்டவை. எட்டாம் வகுப்பில் வந்த என் மகளுக்கு அந்த வாசல் அடைபட்டுவிட்டது. மகனுக்கு மருத்துவ ஒதுக்கீட்டின் வாசல் இன்னும் திறந்திருக்கிறது. ஆகவே ஆறாம் வகுப்புக்கு அவனை அரசுப் பள்ளியில் சேர்ப்பதைப் பற்றி வீட்டில் தீவிரமாகவே பேசிக்கொண்டிருக்கிறோம்.

மகளுக்குப் பெரும் பாரமாக வந்தது தமிழ்ப் பாடம். வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவள் என்றாலும், பள்ளியில் கன்னடம் படித்ததால் தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். 2006இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி தமிழ் இங்கே கட்டாயப் பாடம் என்பதால் பத்தாம் வகுப்புக்குள் செய்யுளும் இலக்கணமும் வசப்பட்டாக வேண்டும். தனிப்பயிற்சிக்கு அனுப்பியும் பார்த்தோம், ஆனால் அவளுக்குக் கைகொடுத்தவர் பக்கத்து வீட்டு ஆச்சிதான். கண்பார்வை மங்கிவிட்ட அந்த ஆச்சி, “எம்மா, இத எனக்குக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லேன்” என்று தினமும் மாலையில் செய்தித்தாளை நீட்டுவார். தன்னைச் சோதிப்பதற்காக அல்லாமல் தன் உதவி தேவைப்பட்டே ஒருவர் வாசிக்கச் சொல்கிறார் என்பதால் மகள் கூச்சமில்லாமல் வாசித்தாள். றகரமும் ரகரமும் அந்தத் திண்ணையிலேயே அவளுக்குப் பிடிபட்டன. மகனுக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை. கொக்கிரகுளத்து அறிவியல் மையம் கிடைத்ததும் ஊர் பிடித்துப்போய்விட்டது.

இனி, நான் சொல்ல மிகவும் விரும்பியதைச் சொல்கிறேன். இந்த மண்ணின் அன்பை நான் மனமாரப் போற்றுகிறேன். புதிதாக வந்த எங்களுக்குக் கடைக்கார அண்ணாச்சியிலிருந்து ஆட்டோ ஓட்டுபவர் வரை வழிகாட்டாதவர் இல்லை. ஆனால், “சொந்த ஊரு எது? அங்க எந்தத் தெரு?” என்ற கேள்வி எதைத் தெரிந்துகொள்ளக் கேட்கப்படுகிறது என்பதும் இங்கே எல்லோருக்கும் தெரியும். வீடு தேடியபோது ஒரு வீட்டுக்காரர் சாதியை நேரடியாகவே கேட்டார். அந்த வீட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தோம். பெரியவர்களிடம் கேட்கப்படும் அந்தக் கேள்வி, சேர்ந்த சில நாள்களிலேயே வகுப்பறையில் மகளிடமும் கேட்கப்பட்டது.

2023 ஆகஸ்டில் இதே மாவட்டத்து நாங்குநேரியில், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரை அவருடன் ஒரே பள்ளியில் படித்தவர்களே சாதிப் பகையால் வீடு புகுந்து வெட்டினார்கள்; தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். அதன் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு அமைத்த ஒரு நபர் குழு, 2024 ஜூனில் தன் அறிக்கையை அளித்தது. மாணவர்கள் சாதியை அடையாளம் காட்டும் வண்ணக் கயிறுகளைக் கையில் கட்டக்கூடாது, பள்ளிகளின் பெயரில் சாதி இருக்கக்கூடாது, வகுப்பில் பெயரின் அகரவரிசைப்படியே உட்கார வைக்க வேண்டும் என்றெல்லாம் அது பரிந்துரைத்தது. இந்தப் பரிந்துரைகளைக் கையில் வைத்துக்கொண்டுதான் நாங்கள் பள்ளிகளைப் பார்த்தோம். தேர்ச்சி விழுக்காட்டையும் ஆய்வகத்தையும் எல்லாப் பள்ளிகளும் தாமாகவே காட்டுகின்றன. பிள்ளைகளை எந்த முறையில் உட்கார வைக்கிறீர்கள், கயிறு கட்டி வருகிற பிள்ளையை என்ன செய்வீர்கள் என்பதை நாம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. ஒரு பள்ளியில் இங்கே அதெல்லாம் கிடையாது என்று பேச்சை முடித்துக்கொண்டார்கள். மகள் இப்போது படிக்கும் பள்ளியின் தலைமையாசிரியையோ, கயிறோடு வந்த பிள்ளைகளை அழைத்து எப்படிப் பேசினார், பெற்றோர் கோபித்துக்கொண்டு வந்தபோது என்ன பதில் சொன்னார் என்பதை நெடுநேரம் எடுத்துச் சொன்னார்.

புதிதாக வருகிற பெற்றோர், கட்டணம் கட்டும் முன் ஒரு வேலைநாளில் மதிய உணவு நேரத்தில் பள்ளிக்குப் போய், யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று நின்று பாருங்கள். வீட்டிலும் பிள்ளைகளிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். எங்கள் பிள்ளைகளிடம், “எங்க வீட்டுல அதச் சொல்றதும் இல்ல, கேக்குறதும் இல்ல” என்று தைரியமாகப் பதில் சொல்லுமாறும், அதற்கு மேலும் யாராவது வற்புறுத்தினால் அன்றைக்கே எங்களிடம் சொல்லிவிடுமாறும் கூறியிருக்கிறோம். மகள் அப்படித்தான் பதில் சொன்னாள். கேட்ட பெண் இப்போது எங்கள் வீட்டுக்கு வந்து மகளோடு சேர்ந்து கணக்குப் போடுகிறாள்.