ஒரு டன்னா, ஒன்றரை டன்னா? முதலில் மொட்டை மாடியைப் பாருங்கள்

மதுரையில் ஏசி வாங்கக் கடைக்குப் போனால், "ரூம் எத்தனை சதுர அடி?" என்று கேட்பார்கள். 120 வரை ஒரு டன், 150-ஐத் தாண்டினால் ஒன்றரை டன். இந்தக் கணக்கைத் தப்பென்று சொல்ல முடியாது, பாதிக் கணக்கு என்று சொல்லலாம். நம் ஊர் வெயிலுக்கு அதைவிடப் பெரிய கேள்வி, அந்த அறைக்கு மேலே இன்னொரு வீடு இருக்கிறதா, வெயில் காயும் மொட்டை மாடி இருக்கிறதா என்பதுதான். ஒரே அளவுள்ள இரண்டு படுக்கையறைகள், ஒன்று கீழ்த்தளத்திலும் இன்னொன்று மாடியிலும் இருந்தால், அவற்றின் வெப்பச் சுமை, அதாவது ஏசி வெளியேற்ற வேண்டிய சூடு, கிட்டத்தட்ட ஒன்றுக்கு ஒன்றே முக்கால் என்ற அளவுக்கு வித்தியாசப்படும்.

ஒரு டன் என்பது ஏசியின் எடை இல்லை. 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ அந்த வேகம். வாட்டில் சொன்னால் 3,517. ஆனால் ஒரு டன் என்று விற்கிற எல்லா மாடலும் 3,517 வாட் தருவதில்லை. சில 3,300-க்குப் பக்கத்தில் நிற்கும். ஒன்றரை டன் என்கிறவை 4,700-லிருந்து 5,200 வரை பரவிக் கிடக்கும். ஸ்டார் லேபிளிலேயே குளிரூட்டும் திறன் வாட்டில் அச்சாகியிருக்கும். அந்த எண்ணைப் பார்த்து வாங்குங்கள். அதுவும் வெளியே 35 டிகிரி இருக்கும்போது அளந்த எண். சித்திரை, வைகாசியில் இங்கே 40-ஐத் தொடும் நாட்கள் சாதாரணம். மொட்டை மாடித் தரையில் வைத்த அவுட்டோர் யூனிட் இழுக்கிற காற்று அதைவிடவும் சூடாக இருக்கும். அந்த நேரத்தில் திறனில் சுமார் பத்து சதவீதத்தைக் கழித்துவிட்டே கணக்குப் போட வேண்டும்.

இப்போது 10க்கு 12 அடி அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேலே வெறும் காங்கிரீட் தளம், வெயில் படும் சுவர் இரண்டு, அதில் மேற்குச் சுவரில் நாலுக்கு நாலு அடி ஜன்னல். தளத்திலிருந்து மட்டும் உத்தேசமாக 1,000 வாட் இறங்கும். வெயில் படும் இரண்டு ஒன்பது அங்குலச் சுவர்கள் 400. சாயங்கால வெயில் நேராக விழும் கண்ணாடி 500. இரண்டு பேர் 200. ஃபேன், டிவி 150. கதவிடுக்கிலும் ஜன்னல் சந்திலும் புகும் வெளிக்காற்றுக்கு 250. மொத்தம் 2,500. சூடேறிக் கிடக்கிற அறையை முதலில் இறக்குவதற்கு ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் 3,000 வாட். வெயிலில் திறன் குறைந்த பிறகும் நல்ல ஒரு டன் ஏசி 3,100 தரும். ஆக, மாடியிலேயே 120 சதுர அடிக்கு ஒரு டன் இழுத்துப் பிடித்துச் சரியாக வரும். அதே அறை 10க்கு 16 ஆனால் மாடியில் 3,500 வாட்டைத் தாண்டும். அங்கே ஒன்றரை டன்தான். அதே 160 சதுர அடி கீழ்த்தளத்தில் இருந்தால் தளத்தின் கணக்கே இல்லை, 2,200 வாட்டுக்குள் முடிந்துவிடும். ஒரு டன் தாராளம். "160 என்றால் ஒன்றரை" என்று கடையில் சொல்வது கீழ்த்தளத்துக் குடும்பத்துக்குத் தேவையில்லாத செலவு.

இதில் நேரக் கணக்கு ஒன்றும் உண்டு. காங்கிரீட் தளம் பகலில் வாங்கிய சூட்டை உடனே கீழே விடாது. நாலு மணி நேரம் போல எடுத்துக்கொள்ளும். இரண்டு மணி வெயிலின் உச்சம் சாயங்காலம் ஆறு, ஏழு மணிக்குத்தான் அறைக்குள் இறங்கும், அதன் மிச்சம் பத்து மணிவரை நீடிக்கும். இரவு ஒன்பது மணிக்கு ஏசி போட்டு, பத்து மணிவரை குளிரவே இல்லை என்றால் உடனே "கேஸ் குறைஞ்சிருச்சு" என்று ஆளைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். நாற்காலி போட்டு ஏறி தளத்தின் அடிப்பக்கத்தில் கையை வைத்துப் பாருங்கள். சுட்டால் பெரும்பாலும் குறை தளத்தில்தான், கேஸில் இல்லை. மூடிய குழாயில் சுற்றுகிற கேஸ் ஒழுக்கு இருந்தால் ஒழியக் குறையாது. வருடா வருடம் நிரப்ப வேண்டியதும் இல்லை.

ஆகவே அரை டன் கூடுதலாக வாங்கும் காசை முதலில் மாடித் தளத்துக்குச் செலவழியுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. சுருக்கி (சுண்ணாம்பும் செங்கல் தூளும் சேர்ந்த கலவை) போட்டுத் தட்டோடு பதித்த பழைய முறை நல்ல முறை. ஆனால் ஓடு பாசி ஏறிக் கறுத்துப் போயிருந்தால் வெயிலை நன்றாகவே உறிஞ்சும். அதன்மேல் வெள்ளை வெப்பத்தடுப்புப் பெயின்ட் இரண்டு கோட் அடித்தாலே தளத்தின் சுமை பாதிக்குப் பக்கமாகக் குறையும். அடிக்கும் முன் பாசியைச் சுரண்டி, கழுவி, முழுக்கக் காய விட வேண்டும். ஈரத்தின்மேல் அடித்தால் அடுத்த மழையிலேயே செதில் செதிலாக உரியும். கையில் காசு குறைவென்றால் மாசிக் கடைசியில் சுண்ணாம்பு அடிக்கலாம். ஒரு கோடைக்குத் தாங்கும். தூசி படிந்தால் வெள்ளையின் பலன் போய்விடும் என்பதால் கோடை நடுவில் ஒருமுறை கழுவிவிடுங்கள். மேற்கு ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டியோ வெட்டிவேர்த் தட்டியோ தொங்கவிடுவது, உள்ளே கனமான திரை போடுவதைவிட மேல். கண்ணாடியைத் தாண்டி வந்த வெயில் திரையில் பட்டாலும் அந்தச் சூடு அறைக்குள்தான் இருக்கும்.

பெரிதாக வாங்கினால் நல்லதுதானே, சீக்கிரம் குளிருமே என்று நினைப்பது இயல்பு. இன்வெர்டர் (தேவைக்கேற்பக் கம்ப்ரசர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி) இல்லாத ஏசியில் அது நேரடிக் கெடுதல். ஐந்து நிமிடத்தில் சொன்ன டிகிரியைத் தொட்டு கம்ப்ரசர் நின்றுவிடும். காற்றிலுள்ள ஈரத்தை வடிக்க நேரமே கிடைக்காது. ஐப்பசி, கார்த்திகை மழைநாட்களில் அறை குளிர்ந்தும் படுக்கை பிசுபிசுவென்று இருப்பது இதனால்தான். இன்வெர்டர் வேகத்தைக் குறைத்து ஓடும் என்றாலும் அதற்கும் ஒரு கீழ் எல்லை உண்டு. அதற்குக் கீழே சுமை போனால் அதுவும் நின்று நின்றுதான் ஓடும். சிறிதாக வாங்கினால் வேறு தொல்லை: எப்போதும் முழு வேகத்தில் ஓடி, இன்வெர்டருக்குக் கொடுத்த கூடுதல் காசு வீணாகும்.

ஹாலுக்கு ஏசி போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது மாடிப்படியும் அடுப்படியும். குளிர்ந்த காற்று கனமானது. மாடி ஹாலில் படி திறந்திருந்தால் அத்தனையும் கீழே வழிந்துவிடும். எரிகிற ஒரு கேஸ் பர்னர் மட்டுமே சுமார் 2,000 வாட் கொட்டும், அரை டன்னுக்கும் மேல். இப்படிப்பட்ட ஹாலுக்கு இரண்டு டன் போட்டும் நிறைவிருக்காது. ஒரு தடுப்பும் கதவும் போட முடியாதென்றால் ஹாலை விட்டுவிட்டுப் படுக்கையறைக்கு மட்டும் வாங்குங்கள். மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்து நாட்டு ஓட்டு வீடுகளுக்கும் தகரக் கூரைக்கும் சதுர அடிக் கணக்கே செல்லாது. சந்தில்லாமல் பொய்க்கூரை போட்டு, அதன்மேல் வெப்பத்தடுப்பு விரித்த பிறகே டன் பற்றிப் பேச வேண்டும்.

மீனாட்சி கோயிலைச் சுற்றிய வீதிகளில் வீட்டோடு வீடு ஒட்டியிருப்பது ஏசிக்குச் சாதகம். பக்கச் சுவரில் வெயிலே படாது. ஆனால் அவுட்டோர் யூனிட்டுக்கு இடம் இருக்காது. இரண்டு சுவருக்கு நடுவே ஒரு முழச் சந்தில் மாட்டினால், அது ஊதிய சூட்டையே திரும்ப இழுத்துத் திணறும். பின்னால் ஓர் அடி, முன்னால் குறைந்தது மூன்றடி திறப்பு வேண்டும். மொட்டை மாடிக்கு ஏற்றுவதானால் ஸ்டாண்டு போட்டுத் தரையிலிருந்து உயர்த்தி, காற்றை மறிக்காத நிழல் கொடுங்கள். பெட்டியோடு வரும் காப்பர் பைப் பெரும்பாலும் மூன்று மீட்டர்தான். அதற்கு மேல் நீளமானால் மாடலைப் பொறுத்து கேஸ் கூட்ட வேண்டிவரும், திறனும் கொஞ்சம் குறையும்.

வயரிங்குக்கு மீட்டர் போர்டிலிருந்து தனி லைன், ஒன்றரை டன்னுக்கு 4 சதுர மில்லிமீட்டர் காப்பர் வயர், 20 ஆம்பியர் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்), நல்ல எர்த். கரண்ட் பில்லில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் யூனிட் விலைப் பட்டியலே மாறிவிடும். மாடி அறையில் ஒரு டன் இன்வெர்டர் இரவு எட்டு மணி நேரம் ஓடினால் உத்தேசமாக 4 முதல் 5 யூனிட். இரண்டு மாதத்தில் 300 யூனிட் வரை போகும். ஃபேனை மெதுவாக ஓடவிட்டு 26-ல் வைத்தால் இது இறங்கும். ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் ஆறு சதவீதம் மிச்சம்.

பொருத்த வருகிறவரிடம் வேக்குவம் பம்ப் (பைப்பிலுள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கும் பம்ப்) இருக்கிறதா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். சித்திரைத் திருவிழாச் சமயத்தில் ஆட்களுக்கு ஒரே நாளில் ஏழெட்டு வீடு இருக்கும். அவசரத்தில் யூனிட்டிலுள்ள கேஸையே கொஞ்சம் திறந்துவிட்டுப் பைப்பிலுள்ள காற்றைத் தள்ளிவிடுவார்கள். ஈரம் உள்ளே தங்கும், குளிரூட்டும் ஆர்32 கேஸும் குறையும். பிறகு எத்தனை டன் வாங்கியிருந்தாலும் குளிர்ச்சி போதாது. பம்பைப் போட்டுக் குறைந்தது இருபது நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தியபின் அழுத்தம் காட்டும் கேஜ் முள் ஏறாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே வால்வைத் திறக்கச் சொல்லுங்கள்.