தானே சுருதி சேரும் கிட்டார்

2007 இறுதியில் அமெரிக்கக் கிட்டார் நிறுவனமான கிப்சனின் ரோபோட் கிட்டார் வந்தபோது வாயைப் பிளந்து பார்த்தவன் நான். கம்பிகளை ஒருமுறை மீட்டினால் போதும், தலைப்பகுதியில் இருக்கும் குட்டி மோட்டார்கள் தாமே கம்பியை முறுக்கும் ஆணியைத் திருகிச் சுருதி சேர்த்துவிடும். ஜெர்மனியின் டிரானிக்கல் நிறுவனத்தின் தொழில்நுட்பம். 2015-இல் கிப்சன்காரர்கள் பெரும்பாலான மாடல்களில் இந்த மாதிரி மோட்டாரை வைத்தே விற்றார்கள், விலையும் ஏறியது. வாசிப்பவர்கள் கொதித்துப்போனார்கள். 2016 வரிசையிலேயே கையால் திருகும் ஆணி திரும்பி வந்துவிட்டது!

சோம்பேறித்தனத்துக்கு நான் எதிரி இல்லை. மேடையில் இரண்டு பாட்டுக்கு நடுவே டிராப் டி-க்கு (தடித்த கம்பியை மட்டும் ஒரு முழுச் சுரம் இறக்கும் சுருதி) மாற வேண்டுமென்றால் இது வரம்தான்.

ஆனால் மோட்டார் சேர்த்துத் தருவது சம இடைவெளிச் சுருதி, அதாவது ஸ்தாயியைப் பன்னிரண்டு சமப் பங்காக வெட்டியது. அதில் மேஜர் தேர்ட் (நம் அந்தர காந்தாரத்தின் இடம்) இயல்பான இடத்தைவிடச் சுமார் 14 சென்ட் தூக்கலாக நிற்கும்; அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட். ஈ மேஜர் கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) அது காதை உறுத்தினால், அந்தச் சுரம் விழும் ஜி கம்பியை ஒரு மயிரிழை இறக்கிக்கொள்வேன். அப்புறம் சி மேஜர் வாசிக்கும்போது அதே கம்பி சோர்ந்து ஒலிக்கும், அது வேறு கதை. எந்தப் பாட்டுக்கு எதை விட்டுக்கொடுப்பது என்று மோட்டாருக்கு யார் சொல்வது?

என் பழைய அக்கூஸ்டிக் கிட்டாரில் ஆணியைத் திருகினால் கிறீச் என்று ஒரு சத்தம் வரும். இன்னும் எண்ணெய் போடவில்லை.