குரோம்பேட்டை பிளாட்டிலிருந்து சேலையூர் வீட்டுக்கு: எங்கே காசு மிஞ்சியது, எங்கே போனது

2009-ல் குரோம்பேட்டையில் வாங்கிய இரண்டாம் மாடி பிளாட்டை 2025 பிப்ரவரியில் விற்றேன். அதே வருஷம் ஆகஸ்ட் கடைசியில் சேலையூரில் ஒரு பழைய தனி வீட்டை வாங்கினேன். நடுவில் ஆறு மாதம் வாடகை வீடு. இதையெல்லாம் எப்படிச் செய்தாய், எவ்வளவு ஆச்சு என்று ஆபீஸில் நாலு பேர் கேட்டுவிட்டார்கள், ஒவ்வொருவரிடமும் பாதி சொல்லி மீதியை விட்டுவிடுகிறேன், அதனால் மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

முதலில் நான் செய்த முட்டாள்தனம். விற்பதற்கு முன்னால் பாத்ரூம் டைல்ஸை மாற்றினால் விலை கூடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு 70 ஆயிரம் செலவழித்தேன். பார்க்க வந்த பதினோரு குடும்பத்தில் ஒருவர்கூட அந்த டைல்ஸைப் பற்றிப் பேசவில்லை. கேட்டதெல்லாம் மூன்றே கேள்வி: கார் நிறுத்த இடம் பத்திரத்தில் இருக்கிறதா, யுடிஎஸ் (நிலத்தில் பிளாட்டுக்கு உள்ள பங்கு) எவ்வளவு, கோடையில் தண்ணீர் லாரி வருமா. 18 ஆயிரத்துக்கு வெள்ளை அடித்ததும், ஒழுகிக்கொண்டிருந்த இரண்டு குழாயை மாற்றியதும் மட்டும் போதுமாக இருந்திருக்கும்.

உண்மையில் விலை பேசும்போது எனக்குக் கைகொடுத்தது ஒரு பச்சை ஃபைல். தாய்ப் பத்திரத்தின் நகல், என் கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்றிதழ் (சொத்தின் மேல் பதிவான கிரயம், அடமானங்களின் பட்டியல்), பிளான் அப்ரூவல், சொத்து வரி ரசீது, ஈபி ரசீது, சங்கத்தில் பாக்கி இல்லை என்ற கடிதம் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். வங்கிக் கடன் ஆறு லட்சம் பாக்கி இருந்ததை விற்பதற்கு நாலு மாதம் முன்பே என் பிஎஃப் பணத்தில் கட்டி முடித்தேன். கடன் முடிந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களை வங்கி திருப்பித் தர வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் நமக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 டிசம்பரிலிருந்து விதி வைத்திருக்கிறது. 24-ம் நாள் வரை 'ஃபைல் வேறு ஊரில் இருக்கிறது சார்' என்று சொல்லிக்கொண்டிருந்த கிளையில், இந்த விதியைக் குறிப்பிட்டு ஒரு மெயில் போட்டதும் மூன்றாம் நாள் பத்திரம் வந்துவிட்டது. வந்ததோடு விடக்கூடாது. அடமானம் முடிந்ததற்கான ரசீதையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும், இல்லையென்றால் கடனே இல்லாத வீடு வில்லங்கத்தில் கடனோடுதான் தெரியும். இதே விஷயம் பின்னால் எனக்கே வேறு வடிவில் வந்தது, சொல்கிறேன்.

தரகர்கள் 2 சதவீதம் கேட்டார்கள். 62 லட்சத்துக்கு அது 1 லட்சத்து 24 ஆயிரம். தரகர் வேண்டாம் என்று நான் கொள்கை முடிவெல்லாம் எடுக்கவில்லை. எங்கள் பிளாக்கிலேயே தரைத்தளத்தில் வாடகைக்கு இருந்தவரின் அக்கா குடும்பம், பையன் படிப்புக்காக அந்தத் தெருவிலேயே வீடு தேடிக்கொண்டிருந்தது. வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டதில் கிடைத்தார்கள். வெளியே தேடும் முன் உங்கள் வாசலிலேயே ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

அவர்கள் ஒன்று கேட்டார்கள், பலரும் கேட்பதுதான்: "கைடுலைன் வேல்யூவுக்குப் பதிவு பண்ணிக்கலாம், மீதியை கேஷா தந்துடறோம்." கைடுலைன் வேல்யூ என்பது பதிவுக்காக அரசு அந்த இடத்துக்கு வைத்திருக்கும் மதிப்பு. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம் என்பதால் அவர்களுக்கு அது பெரிய மிச்சம்தான். ஆனால் சொத்து விற்பனையில் 20 ஆயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் போட வருமான வரிச் சட்டத்தில் இடமிருக்கிறது. மிச்சம் அவர்களுக்கு, வம்பு எனக்கு. முடியாது என்றேன். இரண்டு வாரம் பேச்சே இல்லை. அப்புறம் அவர்களாகவே வந்தார்கள், முழுத் தொகையும் வங்கி வழியாகவே வந்தது.

வரிக் கணக்குதான் என்னை ரொம்பப் பயமுறுத்தியது. மச்சான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காபி டம்ளரோடு உட்கார்ந்து, 24 லட்சத்துக்கு வாங்கி 62-க்கு விற்றால் லாபம் 38 லட்சம், அதற்கு 12.5 சதவீதம், செஸ் சேர்க்காமலே 4 லட்சத்து 75 ஆயிரம் போச்சு என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. மறுநாள் ஆடிட்டர் அதே கணக்கை வேறு மாதிரி போட்டார். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடு என்றால் பழைய முறையையும் போட்டுப் பார்த்து, எதில் வரி குறைவோ அதைக் கட்டலாம். 2009-10-க்கான பணவீக்கக் குறியீடு 148, 2024-25-க்கு 363. 24 லட்சத்தை அதன்படி ஏற்றினால் 58 லட்சத்து 86 ஆயிரம். லாபம் வெறும் 3 லட்சத்து 14 ஆயிரம், அதற்கு 20 சதவீதம் என்றால் சுமார் 63 ஆயிரம். அதுவும்கூடக் கட்ட வேண்டியதில்லை, இரண்டு வருஷத்துக்குள் வேறு வீடு வாங்கப் போவதால் பிரிவு 54-ல் விலக்கு கேட்கலாம் என்றார். ஆனால் ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசித் தேதிக்குள் வீடு வாங்கவில்லை என்றால் அந்தப் பணத்தை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கு என்று தனிக் கணக்கு தொடங்கிப் போட வேண்டும். புது வீட்டை மூன்று வருஷம் விற்கக்கூடாது. புதுப் பத்திரத்தில் என் பெயர் கட்டாயம் இருக்க வேண்டும், மனைவி பெயரில் மட்டும் போட்டால் பின்னால் கேள்வி வரும் என்று அழுத்திச் சொன்னார். அவருக்குக் கொடுத்த ஃபீஸ் 6,000. இந்த மொத்தக் கதையில் நான் சந்தோஷமாகக் கொடுத்த பணம் அது ஒன்றுதான்.

வீடு பார்த்தது தனிக்கதை. விற்பது முடிவாகும் முன்பே தேட ஆரம்பித்திருந்தோம். 2015 வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் என்ன ஆனது என்று தாம்பரத்தைச் சுற்றி இருக்கிற யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அதனால் 2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் கொட்டித் தீர்த்த மறுநாள் காலையில், பட்டியலில் இருந்த ஆறு வீட்டையும் ஸ்கூட்டரில் போய்ப் பார்த்தேன். இரண்டு தெருவில் ஸ்கூட்டரே போகவில்லை. ஒரு வீட்டுச் சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பழைய தண்ணீர்க் கோடு, அதன்மேல் புதுப் பெயின்ட், ஈரத்தில் அந்தக் கோடு மட்டும் பெயின்டை மீறித் தெரிந்தது. வெயில் காலத்தில் பார்த்திருந்தால் அந்த வீட்டைத்தான் வாங்கியிருப்பேன், வாசலில் அவ்வளவு அழகான செம்பருத்தி. சேலையூர் வீடு இருந்த தெருவில் தண்ணீர் ஓடியது, நிற்கவில்லை. எதிர்வீட்டுப் பாட்டியிடம் கேட்டதற்கு, "2015-ல வாசப்படி வரைக்கும் வந்துச்சுப்பா, உள்ள வரல" என்றார். எந்த ஆவணத்திலும் இந்தத் தகவல் கிடைக்காது.

1996-ல் கட்டிய வீடு. அப்பா காலமாகி, அண்ணன் தங்கை இருவருக்கும் வந்த சொத்து. 92 லட்சம் சொன்னார்கள். ஜூன் வரை இறங்கவே இல்லை. ஆடி பிறந்ததும் வீடு பார்க்க வருகிறவர்கள் நின்றுபோனார்கள். எங்கள் வீட்டிலும் ஆடியில் எதுவும் பேசக்கூடாது என்று அம்மா சொன்னார். பேசினால் என்ன, பதிவு பண்ணினால்தானே ஆடிக் கணக்கு என்று அம்மாவிடம் ஏதோ சமாளித்துவிட்டு, ஆடி மூன்றாம் வாரம் போய் உட்கார்ந்தேன். 85-க்கு முடிந்தது. ஆவணியில், விநாயகர் சதுர்த்தி முடிந்த மறுநாள் பதிவு. அந்த வருஷம் ரிட்டர்ன் தாக்கலுக்கு செப்டம்பர் 15 வரை தேதி நீட்டித்திருந்ததால் அந்தத் தனிக் கணக்குத் தொல்லையும் இல்லாமல் போனது.

முன்பணம் கொடுக்கும் முன் வக்கீலிடம் 8,000 கொடுத்து பத்திரங்களைப் பார்க்கச் சொன்னேன். வில்லங்கத்தை பதிவுத்துறை இணையதளத்தில் நாமே இலவசமாகப் பார்க்கலாம், நானும் பார்த்திருந்தேன், ஆனால் என் கண்ணில் படாத ஒன்று அவர் கண்ணில் பட்டது. 1998-ல் ஒரு கூட்டுறவு சங்கத்தில் வீட்டை அடமானம் வைத்திருக்கிறார்கள். கடனை எப்போதோ கட்டி முடித்தாயிற்று, ரசீதை மட்டும் பதிவு செய்யவில்லை. நான் விற்றபோது செய்த அதே வேலையை இருபது வருஷமாக யாரும் செய்யவில்லை. அதைச் சரிசெய்து தந்த பிறகுதான் அட்வான்ஸ் என்று சொல்லிவிட்டேன். பாவம், அந்த அண்ணன் நாலு முறை அலைந்தார்.

பதிவுக்கு 9 சதவீதம், 7 லட்சத்து 65 ஆயிரம். இதில் குறைக்க வழியே கிடையாது. பெண்கள் பெயரில் வாங்கினால் 1 சதவீதம் குறைவு என்று 2025 ஏப்ரலில் வந்தது 10 லட்சம் வரையிலான சொத்துக்குத்தான். அதைத் தெரியாமல் என் மனைவி ரெண்டு நாள் கனவு கண்டதுதான் மிச்சம். விற்றவர்கள் இரண்டு பேர் என்பதால் டிடிஎஸ் (விற்பவருக்குத் தரும் விலையில் வாங்குபவர் பிடித்துக் கட்டும் வரி) 1 சதவீதத்தைத் தனித்தனிப் படிவத்தில் 42,500 வீதம் கட்டினேன். ஆளுக்கு 50 லட்சத்துக்குக் கீழே வருகிறதே, பிடிக்க வேண்டாம் என்று ஒரு தரகர் சொன்னார். 2024 அக்டோபரிலிருந்து மொத்த விலையைத்தான் பார்ப்பார்கள். அவர் பேச்சைக் கேட்டிருந்தால் வட்டியும் தாமதக் கட்டணமும் என் தலையில் விழுந்திருக்கும்.

வீட்டுக் கடன் 35 லட்சம், 20 வருஷம். முதல் வங்கி 8.1 சதவீதம் என்றது. இன்னொரு வங்கியின் 7.6 சதவீத ஆஃபர் கடிதத்தைக் காட்டினேன், குறைக்க முடியாது என்றார்கள், இரண்டாவது இடத்துக்கே போய்விட்டேன். மாதத் தவணை 29,493-க்குப் பதில் 28,410. மாதம் ஆயிரத்துச் சொச்சம்தான், 20 வருஷத்துக்கு இரண்டரை லட்சத்துக்கு மேல். கையெழுத்து போடும் நாளன்று ஒரு காகிதத்தை நைசாக நீட்டினார்கள், கடனுக்கான காப்பீடு, ஒரே பிரீமியம் 1 லட்சத்து 80 ஆயிரம், அதையும் கடனிலேயே சேர்த்துவிடலாமாம். 'கட்டாயமா?' என்று கேட்டேன். 'எல்லாரும் எடுப்பாங்க சார்' என்று பதில் வந்தது. கட்டாயம் என்று எழுதித் தாருங்கள் என்றதும் காகிதம் மறைந்துவிட்டது. எனக்கு ஏற்கெனவே டேர்ம் பாலிசி இருந்தது. இல்லாதவர்கள் தனியாக ஒன்று எடுத்துக்கொண்டால் போதும்.

குடி வந்த இரண்டாம் மாதம் ஹாலின் மூலையில் கூரை ஒழுகியது. வாட்டர்புரூஃபிங் கம்பெனிக்காரர் ஒருவர் வந்து, மாடி முழுக்க கெமிக்கல் பூச வேண்டும், 1 லட்சத்து 80 ஆயிரம் என்றார். இந்தத் தொகைக்கும் எனக்கும் ஏதோ ராசி. எதிர்வீட்டுப் பாட்டி சொல்லி ஒரு வயதான மேஸ்திரி வந்தார். மாடியில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, தட்டோடுகளை கரண்டியின் பின்பக்கத்தால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே குந்தியபடி நகர்ந்தார். பெரும்பாலும் 'டக் டக்'. கைப்பிடிச்சுவர் மூலைக்கு வந்ததும் சத்தம் உள்ளே காலியாக இருப்பதுபோல் மாறியது. "இங்கதான் சார்" என்றார். இரண்டு வாளி தண்ணீர் ஊற்றச் சொன்னார். தண்ணீர் வடிகுழாய்க்குப் போகாமல் அந்த மூலையிலேயே தேங்கியது. குழாய் வாயில் வேப்பிலைச் சருகு ஒரு கூடை. பதினாலு தட்டோடு மாற்றி, சுவரும் தளமும் சேருமிடத்தில் விரிசலைக் கொத்தி எடுத்து, தண்ணீர் தங்காதபடி சிமென்டைச் சரிவாகப் பூசினார். ஆளும் சாமானும் சேர்த்து 11,500. போகும்போது, "வேப்பமரத்த வெட்டிராதீங்க, சருக மட்டும் அள்ளுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை காலையில் இப்போது அதுதான் என் வேலை.

கரண்ட் பில்லில் ஒரு சின்ன விஷயம். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் இல்லாமல் கீழே உள்ள படிகளுக்கும் விலை ஏறிவிடும். எங்களுக்கு 540 வந்தது. ஐந்து பழைய ஃபேனை மாற்றி, 75 வாட் இழுத்த இடத்தில் 30 வாட் இழுக்கும் ஃபேன் போட்டதில் 460-க்கு இறங்கியது. சொத்து வரியை அக்டோபரில், அதாவது அரையாண்டின் முதல் 30 நாளில் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி. சிறு தொகைதான், ஆனால் கட்டத்தானே போகிறோம்.

ஒன்றில் மட்டும் ஏமாந்துவிட்டேன். பட்டா இன்னும் விற்றவர்களின் அப்பா பெயரிலேயே இருந்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, பதிவானதும் தானாக மாறிவிடும் என்று நினைத்தேன். பத்திரத்தில் விற்றவர் பெயரும் பட்டாவில் உள்ள பெயரும் வேறாக இருந்தால் தானாக மாறாது. அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே அவர்கள் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லியிருக்க வேண்டும். இப்போது இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் நகலையெல்லாம் அவர்களிடம் மறுபடி கேட்டு வாங்கி, இ-சேவை மையத்தில் மனு போட்டிருக்கிறேன். இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது. மூன்றாவது மனு நிலுவையில் இருக்கிறது.