வராத ஏரிக்காகக் காலியான ஊர்

நியூ ஜெர்சியில் வால்பேக் என்று ஒரு டவுன்ஷிப் இருக்கிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே 7 பேர். நான் இருக்கும் எடிசனும் டவுன்ஷிப்தான், சுமார் 30 சதுர மைல், அதே கணக்கெடுப்பில் 1,07,588 பேர். வால்பேக் சுமார் 25 சதுர மைல். ஒரே மாநிலம், நிலத்தின் அளவும் ஏறக்குறைய அதேதான், காரில் போனால் ஒன்றரை மணி நேரம். இந்த இரண்டு எண்களையும் ஒரே பட்டியலில் பார்த்த நாளிலிருந்து அங்கே போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டே இருந்தது. போன ஏப்ரல் கடைசியில்தான் வாய்த்தது.

டவுன்ஷிப் என்றால் நமக்கு ஏதாவது ஒரு தொழிற்சாலைக் குடியிருப்புதான் ஞாபகம் வரும். இங்கே அது உள்ளாட்சியில் ஒரு வகை. எந்த உள்ளாட்சியிலும் சேராத நிலம் என்று நியூ ஜெர்சியில் ஓர் அடி கூடக் கிடையாது, காடானாலும் மலையானாலும் ஏதாவது ஒரு சிட்டியிலோ பரோவிலோ டவுன்ஷிப்பிலோ அடங்கிவிடும். அதனால் இந்த 7 பேருக்கும் மூன்று உறுப்பினர்கள் கொண்ட ஒரு டவுன்ஷிப் கமிட்டி உண்டு, அவர்களில் ஒருவர் மேயர். 1798இல் மாநிலம் முதன்முதலில் சட்டம் போட்டு அமைத்த 104 டவுன்ஷிப்களில் வால்பேக்கும் ஒன்று, ஊரின் பெயர் அதற்கும் பல பத்தாண்டுகள் முந்தையது.

206ஆம் சாலையில் வடக்கே போய், கிட்டடின்னி மலையை கல்வர்ஸ் கேப் என்ற கணவாயில் தாண்டி, லேட்டன் என்ற சிற்றூர் பக்கம் இறங்கி 615ஆம் சாலையைப் பிடித்தோம். அதற்குப் பிறகு போனில் சிக்னல் இல்லை. நிலத்தின் அமைப்பு அங்கேயே புரிய ஆரம்பித்துவிடுகிறது. கிழக்கே கிட்டடின்னி சுவர் மாதிரி நீளமாக நிற்கிறது, மேற்கு எல்லையில் டெலவேர் ஆறு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் பென்சில்வேனியா. இரண்டுக்கும் நடுவில் வால்பேக் ரிட்ஜ் என்ற தாழ்வான மலைமுதுகு ஓடுவதால், பள்ளத்தாக்கு இரண்டாகப் பிரிந்துவிடுகிறது: மேற்கே இருப்பது டெலவேரினுடையது, கிழக்கே இருப்பது ஃப்ளாட் புரூக் என்ற ஓடையினுடையது. இந்த ஓடை பெரிய ஆற்றுக்குப் பக்கத்திலேயே, நடுவில் ஒரே ஒரு மலைமுதுகு மட்டும் குறுக்கே இருக்க, பல மைல் தூரம் சேராமலே கூட ஓடி, தெற்கே ஃப்ளாட்புரூக்வில்லில்தான் போய்க் கலக்கிறது. அந்த இடத்தில் டெலவேர் மலைமுதுகைக் குடைந்துகொண்டு எஸ் எழுத்து மாதிரி வளைகிறது. வால்பேக் என்பது இங்கே வாழ்ந்த லெனாபி மக்களின் சொல். தண்ணீர் சுழன்று நிற்கிற மடு என்பது போல அதற்குப் பொருள் சொல்கிறார்கள். நம் ஊர் ஆறுகளில் மடு பார்த்தவர்களுக்கு அந்த வளைவைக் காட்டினால் போதும், விளக்கமே வேண்டாம்.

சரி, இவ்வளவு நல்ல மண்ணும் தண்ணீரும் இருந்து ஏன் 7 பேர்?

கணக்கெடுப்பு எண்களை வரிசையாகப் பாருங்கள். 1990இல் 67, 2000இல் 41, 2010இல் 16, 2020இல் 7. (2020இல் தனிநபர் விவரம் வெளியே தெரிந்துவிடக் கூடாது என்று சிறிய ஊர்களின் எண்களைக் கணக்கெடுப்பு அலுவலகமே வேண்டுமென்று கொஞ்சம் கூட்டிக் குறைத்து வெளியிட்டது. மாநில மொத்தத்தை மட்டும் தொடவில்லை. ஆகவே அந்த 7 என்பதை அச்சு அசலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.) இந்தப் பட்டியலை மட்டும் பார்க்கிறவர், பிழைப்பு தேடி நகரத்துக்குப் போயிருப்பார்கள், கிராமம் என்றால் அப்படித்தானே என்று நினைத்துக்கொள்வார். நானும் அப்படித்தான் நினைத்தேன். நடந்தது வேறு.

1955 ஆகஸ்டில் கானி, டயான் என்று அடுத்தடுத்து இரண்டு புயல்களின் மழை, டெலவேரில் பெருவெள்ளம், ஏகப்பட்ட உயிர்ச்சேதம். அதைத் தொடர்ந்து தெற்கே டாக்ஸ் தீவில் அணை கட்டும் திட்டம் வேகம் பிடித்து, 1962இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் அனுமதியும் கிடைத்தது. அணை வந்தால் 37 மைல் நீளத்துக்கு ஏரி நிற்கும். அதன் கரைகளில் பொழுதுபோக்குப் பூங்கா அமைக்க 1965இல் இன்னொரு சட்டம். இதற்காக ராணுவப் பொறியாளர் படை ஆற்றின் இரு கரையிலும் வீடுகளையும் பண்ணைகளையும் வாங்கத் தொடங்கியது. விற்க மாட்டேன் என்றவர்களிடமிருந்து சட்டத்தைக் காட்டி எடுத்துக்கொண்டது. தலைமுறை தலைமுறையாக உழுத குடும்பங்கள் கிளம்பின, ஆயிரக்கணக்கானவர்கள். பல வீடுகளை புல்டோசர் வைத்து இடித்தார்கள்.

அணை வரவே இல்லை. அஸ்திவாரம் போட வேண்டிய இடத்தின் மண் சரியில்லை, செலவு ஏறிக்கொண்டே போனது, எதிர்ப்பும் வலுத்தது. 1975இல் ஆற்றுப் படுகை ஆணையத்தில் நியூ ஜெர்சி, நியூ யார்க், டெலவேர் ஆகிய மூன்று மாநிலங்களும் அணை வேண்டாம் என்றன, பென்சில்வேனியா மட்டும் வேண்டும் என்றது. எடுத்த நிலம் திரும்பிப் போகவில்லை, தேசியப் பூங்காத் துறையிடம் போய்ச் சேர்ந்தது. இரண்டு மாநிலத்திலும் சேர்த்து இன்று ஏறத்தாழ 70,000 ஏக்கர். ஆற்றுக்கு இதில் நல்லதுதான், அணையே இல்லாமல் ஓடும் பெரிய ஆறு என்று டெலவேரை இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள், எனக்கும் அதில் சந்தோஷம்தான். ஆனால் வீட்டை விட்டவர்களுக்கு யாரும் வீட்டைத் திருப்பித் தரவில்லை என்பதை என்னால் அதோடு சேர்த்துச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பக்கத்திலிருந்த பஹாக்குவாரி டவுன்ஷிப்புக்கும் இதே கதைதான். ஆள் குறைந்து குறைந்து 1997இல் அதை ஹார்ட்விக் டவுன்ஷிப்போடு இணைத்துவிட்டார்கள். வால்பேக் இன்னும் தனி டவுன்ஷிப்பாகவே இருக்கிறது.

டவுன்ஷிப்புக்குள் இருக்கும் வால்பேக் சென்டர் என்ற சிற்றூரில் சர்ச், பள்ளிக்கூடக் கட்டடம், சில வீடுகள், எல்லாம் அப்படியே நிற்கின்றன. வரலாற்றுச் சங்கத்தார் பார்த்துக்கொள்கிறார்கள். ஒரு வீட்டின் ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தேன், வெறும் பலகைத் தரை.

திரும்பும் வழியில் சாலையோரம் ஓரிடத்தில் வண்டியை நிறுத்தினோம். மரங்களுக்கு நடுவே மூன்று கல் படிகள் மட்டும் இருந்தன, மேலே வீடு இல்லை. நடுப்படி, கால் பட்டுப் பட்டு, நடுவில் லேசாகக் குழிந்திருந்தது. அதன் இரண்டு பக்கமும் மஞ்சள் டாஃபடில் பூக்கள், காட்டுச் செடி மாதிரி இஷ்டத்துக்கு இல்லாமல், யாரோ கயிறு பிடித்து நட்ட மாதிரி நேர் வரிசையில். கிழங்கிலிருந்து வருடா வருடம் தானாக முளைக்கிற பூ அது. என் மனைவி அந்தப் படியில் ஏறாமல் பக்கவாட்டில் சுற்றிப் போனாள். ஏன் என்று நான் கேட்கவில்லை, நானும் அப்படியே போனேன்.