முறுக்கு கடிச்சீங்களா?

"கெட்டியா எதையாவது கடிச்சீங்களாம்மா?" இதை நான் கேட்டிருக்கக் கூடாது. இல்லை, கேட்டதில் தப்பில்லையோ? இரண்டு வருடமாக மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

அந்த அம்மா கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து, நான் அடைத்துப் பெயர்ந்துபோன பல் அடைப்பை என் உள்ளங்கையில் வைத்தார். அரிசிக் குறுணை அளவுதான். திருப்பிப் பார்த்தேன். பல்லோடு ஒட்டியிருக்க வேண்டிய பக்கம் வழவழவென்று இருந்தது. உடைந்து வந்திருந்தால் சொரசொரப்பு தெரியும். இது உடையவில்லை, பிடிக்கவே இல்லை. அதைப் பார்த்துக்கொண்டேதான் அப்படிக் கேட்டேன்.

"ஆமா டாக்டர், தீபாவளிக்கு முறுக்கு கடிச்சேன். என் தப்புதான்" என்றார்.

கோரைப்பல்லுக்கு அடுத்த பல். அழுத்தித் தேய்த்துத் தேய்த்து ஈறோரம் விழுந்த பள்ளம். கடைவாய்ப்பல் குழி என்றால் பெட்டி மாதிரி. ஒட்டு விட்டாலும் சுவர்கள் கொஞ்ச நாள் தாங்கும். இந்தப் பள்ளத்துக்கு பாண்டிங் பசையை விட்டால் வேறு பிடிமானமே கிடையாது. மேலோரம் எனாமல், பல்லின் கெட்டியான வெளிப்பூச்சு. அதில் கவலையில்லை. 1955-இல் மைக்கேல் புவோனகோர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் பாஸ்பாரிக் அமிலம் தடவி அதைச் சொரசொரப்பாக்கிக் காட்டியதிலிருந்து, எனாமலில் பசை நன்றாகவே கவ்வுகிறது. கீழோரம்தான் சிக்கல். அது டென்டின், எனாமலுக்கு உள்ளே இருக்கும் பகுதி. ஈரமும் கொலாஜன் என்ற புரத நாரும் நிறைந்தது. ரொம்ப உலர்த்தினால் நார் படுத்துவிடும், பசை உள்ளே இறங்காது. ஈரம் மிஞ்சினாலும் ஒட்டாது.

முதலில் அடைத்த அன்று அமிலம் வைத்து, 15 விநாடியில் கழுவிவிட்டேன். பசை தடவப் போகும்போது ஈறிலிருந்து ஒரு துளி ரத்தம் கசிந்து கீழோரத்தைத் தொட்டது. கழுவி, ரத்தத்தை நிறுத்தி, மறுபடி அமிலத்திலிருந்து ஆரம்பித்திருக்க வேண்டும். வெளியே ஏழு பேர் காத்திருந்தார்கள். பஞ்சால் ஒற்றினேன், காற்று ஊதினேன், பசையைத் தடவி லைட் அடித்தேன். மிச்சமானது ஐந்து நிமிடம்.

அந்தத் துளிதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியுமா? வயதானவர்களின் தேய்ந்த டென்டினில் நுண்குழாய்கள் தாது படிந்து அடைத்திருக்கும். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் பிடிப்பு குறைவுதான். கடிக்கும் விசையில் பல் கழுத்துப் பக்கம் லேசாக வளைகிறது என்றும் சொல்வார்கள். அப்படிப் பார்த்தால் முறுக்குக்கும் பங்கு உண்டு. ஆனால் இதெல்லாம் அடைக்கும்போதே எனக்குத் தெரியும். பல் நிறத்திலேயே வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார், சரி என்று காம்போசிட் போட்டேன், பசையால் ஒட்டும் பல் நிற அடைப்பு. கிளாஸ் அயனோமர் என்று இன்னொரு அடைப்பு இருக்கிறது. அது பல்லின் கால்சியத்தோடு ரசாயனமாகவே ஒட்டும், ஈரத்தையும் ஓரளவு பொறுக்கும். நிறம் கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான். அதை எடுத்துச் சொல்லியிருக்கலாம்.

இரண்டாவது முறை அதைத்தான் போட்டேன். காசு வாங்கவில்லை. அதற்கு அவர் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருந்தது.

போன மாதம் வந்திருந்தார். அடைப்பு அப்படியே நிற்கிறது.

"முறுக்கையே விட்டுட்டேன் டாக்டர். பேரன் நீட்டினாக்கூட வேண்டாம்னுடுவேன்."

"இப்ப சாப்பிடலாம்மா, ஒண்ணும் ஆகாது" என்றேன்.

"எதுக்கு டாக்டர் வம்பு" என்று சிரித்தபடி செருப்பை மாட்டிக்கொண்டார். அந்த ரத்தத் துளியைப் பற்றி அப்போதும் நான் சொல்லவில்லை.